புயலின் வழியும் வலிமையும்

புயல் செல்லும் வழியைக் கணிப்பொறி எவ்வாறு முன்னறிகிறது? காற்றின் வேகம், அழுத்தம், வெப்பம், ஈரம் ஆகியவற்றின் இன்றைய அளவுகளைக் கொண்டு, இயற்பியல் விதிகளின்படி நாளைய நிலையைக் கணக்கிடுகிறது. ஆனால் அளவில் நேரும் சிறு பிழையும் நாளடைவில் பெரிதாகிவிடும். 1961-இல் அமெரிக்க அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் இதனைக் கண்டார். 0.506127 என்ற எண்ணை 0.506 எனச் சுருக்கி இட்டபோது, கணிப்பொறி தந்த வானிலை முற்றிலும் வேறாயிற்று. ஆகவேதான் இன்று தொடக்க அளவுகளைச் சிறிது சிறிது மாற்றிப் பன்முறை கணக்கிட்டு, விடைகள் எவ்வளவு ஒத்துவருகின்றன என்று பார்க்கிறார்கள்.

2012 அக்டோபரில் சாண்டி புயல் அட்லாண்டிக் கடலில் வடக்கு நோக்கி நகர்ந்தது. அது அமெரிக்கக் கரைப்பக்கம் திரும்பும் என்று ஐரோப்பிய வானிலை மையத்தின் கணிப்பு ஏறத்தாழ ஒரு வாரம் முன்னரே கூறிற்று. அமெரிக்கக் கணிப்போ, அது கடலுக்குள் விலகிவிடும் என முதலில் காட்டியது. அக்டோபர் 29 அன்று புயல் நியூ ஜெர்சியில் கரையைக் கடந்தது.

வழியை அறிவதினும் வலிமையை அறிவது கடினம். 2023 அக்டோபர் 24 காலையில் ஓட்டிஸ் ஒரு சாதாரணப் புயலே. மறுநாள் நள்ளிரவுக்குப் பின், மணிக்கு 250 கிலோமீட்டருக்கும் மிகுந்த வேகத்துடன் மெக்சிகோவின் அக்கபுல்கோ நகரைத் தாக்கியது. இத்தகைய சீற்றத்தை முக்கியக் கணிப்பொறிகள் உணர்த்தவில்லை. மக்கள் ஆயத்தமாக நேரமே இல்லை.

எனவே, 'சிறு புயல்தானே' என்று எவரும் வாளாவிருத்தல் ஆகாது. எச்சரிக்கை பொய்த்தால் ஒருநாள் அலைச்சல். அதனைப் புறக்கணித்தால் உயிரே போகலாம்.