மிருதங்கத்தைச் செய்தவர் யார்?

கச்சேரி தொடங்கும்முன் அறிவிப்பாளர் வாசிக்கும் பட்டியலில் பாடுபவர், வயலின் வாசிப்பவர், மிருதங்கம் வாசிப்பவர் என்று மூன்று பெயர்கள் இருக்கும். கடமோ கஞ்சிராவோ சேர்ந்தால் நான்கு. தம்புரா போடுபவரின் பெயரே பல நேரங்களில் விட்டுப்போகும். மிருதங்கத்தைச் செய்தவரின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும் என்ற எண்ணம்கூட நமக்கு வருவதில்லை.

அந்தப் பெயர்களைத் தேடிச் சென்ற நூல், டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்'. கிருஷ்ணா புகழ்பெற்ற கர்நாடக இசைப் பாடகர். 2020இல் ஆங்கிலத்தில் வந்த இந்த நூலில் அவர் ராகத்தைப் பற்றிப் பேசவில்லை. மிருதங்கம் செய்யும் குடும்பங்களை ஊர் ஊராகத் தேடிப்போய்ச் சந்தித்து, அவர்கள் சொன்னதை எழுதியிருக்கிறார். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், பலர் கிறிஸ்துவர்கள். தலைப்பில் உள்ள செபாஸ்டியனின் குடும்பம் தஞ்சாவூரைச் சேர்ந்தது.

மிருதங்கத்தின் உடல் பலாமரத்தில் ஆனது என்பது பலருக்கும் தெரியும். பேசுவது மரமல்ல, தோல். பசு, ஆடு, எருமை என மூன்று விலங்குகளின் தோல் அதற்கு வேண்டும். தோலைத் தேர்ந்தெடுத்து, சுரண்டி, ஊறவைத்து, காயவைத்து, வார் கொண்டு இழுத்துக் கட்ட வேண்டும். வலந்தலையில் தெரியும் கறுப்பு வட்டம் வெறும் சாயம் அல்ல. ஒருவகைக் கல்லின் பொடியைச் சோற்றோடு பிசைந்து, மெல்லிய அடுக்குகளாகத் தடவித் தடவித் தேய்ப்பதால் உண்டாவது அது. அடுக்கு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் நாதம் மாறிவிடும். 'இன்னும் கொஞ்சம் கணீரென்று வேண்டும்' என்று வித்வான் சொன்னால், அந்தச் சொல்லைத் தோலின் கனமாகவும் கட்டின் இறுக்கமாகவும் மாற்றத் தெரிந்தவர் இவர். இதற்குக் கைத்திறன் மட்டும் போதாது, நல்ல காதும் வேண்டும்.

பாலக்காடு மணி ஐயர் 1966இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. அவருக்கு வாத்தியம் செய்து கொடுத்த பர்லாந்து, செபாஸ்டியன் குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்த நாதத்துக்காக இருவரும் சேர்ந்து உழைத்ததை நூல் விரிவாகச் சொல்கிறது. ஆனால் மேடை ஒருவருக்குத்தான் கிடைத்தது. பசுவைப் புனிதமாகப் போற்றும் வீடுகளில் பிறந்த வித்வான்கள் பசுத்தோலில் விரல் வைத்து வாசிக்கிறார்கள். அந்தத் தோலைப் பதப்படுத்துபவரைச் சமூகம் தள்ளி நிறுத்துகிறது. கிருஷ்ணா இந்த முரணைப் பூசி மெழுகவில்லை. நூல் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைச் சென்னை கலாஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொள்ள, விழா ஆசிய இதழியல் கல்லூரிக்கு மாறியது.

இசையில் எதற்குச் சாதியைக் கொண்டுவர வேண்டும், கேட்டு ரசித்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அதிலும் சிங்கப்பூரில் இருக்கும் நமக்கு இது தேவையா என்பார்கள். எனக்கு அந்த வாதம் ஒப்பவில்லை. நம் வகுப்புகளில் தோலைப் பற்றிய பேச்சு எழவில்லை என்றால், இங்கே சாதி இல்லை என்பது மட்டுமே அதற்குக் காரணமாக இருக்கவேண்டியதில்லை. தோலைத் தொடும் வேலை நம் கண்ணுக்கு எட்டாத தொலைவில் முடிந்துவிடுகிறது. வாத்தியம் மட்டும் விமானம் ஏறி வருகிறது.

செய்தவர் யார் என்ற கேள்வியை நம் வரலாற்றிடமும் கேட்கலாம். சிங்கப்பூரில் வளர்ந்த வரலாற்றாசிரியர் சுனில் அம்ரித்தின் 'கிராஸிங் த பே ஆஃப் பெங்கால்' (2013) அதைத்தான் செய்கிறது. 1840க்கும் 1940க்கும் இடையில் ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் பேர் வங்கக் கடலை இரு திசைகளிலும் கடந்திருக்கிறார்கள் என்கிறார் அவர். பர்மாவுக்கும் இலங்கைக்கும் போனவர்களே மிகுதி. மலாயாவுக்கு வந்தவர்கள் சுமார் 40 லட்சம். ரப்பர் மலாயாவை வளர்த்தது என்று பாடநூலில் ஒரு வரியில் படித்துவிடுகிறோம். மரத்தைச் சீவியவர்களின் வாழ்க்கை அந்த ஒரு வரிக்குள் அடங்குவதில்லை.

இவ்விரு நூல்களையும் நான் ஆங்கிலத்தில்தான் படித்தேன். நம்மில் பலருக்குத் தமிழ் என்றால் கதை, கவிதை, சொற்போர். வரலாறும் சமூகமும் சிந்தனையும் என்றால் ஆங்கிலம். ஆனால் கிருஷ்ணாவின் ஆங்கிலப் பக்கங்களில் என்னை நிறுத்தியவை தொப்பி, வார், மூட்டு போன்ற தமிழ்ச் சொற்கள்தாம். அந்தத் தொழிலின் அறிவு அந்தச் சொற்களில் இருக்கிறது. நூல் காலச்சுவடு வெளியீடாகத் தமிழிலும் வந்திருக்கிறது. தொடக்கக் கல்லூரியில் தமிழ் படித்த எவருக்கும் அது எட்டாத நூல் அல்ல.

குறை ஒன்று உண்டு. நடுப்பகுதியில் குடும்பப் பெயர்கள் அடுக்கடுக்காக வந்து குழப்புகின்றன. ஒரு தாளில் வம்சாவளியை வரைந்து வைத்துக்கொண்டு படித்தேன், அதன்பின் சிரமமில்லை. மிருதங்கம் கற்பவர்கள் தோல் பற்றிய பக்கங்களிலிருந்தே தொடங்கலாம். என் தோழி ஒருத்தி அப்படித்தான் படித்தாள். படித்து முடித்ததும், தன் வாத்தியத்துக்கு மூட்டு மாற்றித் தருபவர் யார் என்று ஆசிரியர் மூலம் சென்னைக் கடைக்குக் கேட்டு அனுப்பியிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.