ஒன்பது கேன் தண்ணியும் ஒரு லெமன் ஜூஸும்!

போன செமஸ்டர்ல ஒரு காரியம் பண்ணினேன். வீட்டுக்கு இன்னும் தெரியாது. அம்மா இதைப் படிச்சே தெரிஞ்சுக்கட்டும்!

கல்ச்சுரல்ஸுக்கு ஒரு வாரம்தான் பாக்கி. ஃபேஷன் ஷோ லிஸ்ட்ல என் பேர் இருந்துச்சு. கூடவே தொப்பையும் இருந்துச்சு. ‘மச்சி, உடம்புல இருக்கிற நச்செல்லாம் வெளியே போயிடும், வெயிட்டும் இறங்கிடும்’னு ரூம்மேட் ஒரு ரீல்ஸைக் காட்ட, ஆரம்பிச்சாச்சு டீடாக்ஸ்! எலுமிச்சைச் சாறு, தேன், ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள், தண்ணி. மூணு வேளையும் அதே.

இது ஒண்ணும் புதுச் சரக்கு இல்லீங்க. அமெரிக்காவுல ஸ்டான்லி பரோஸ்ங்கிறவர் 1940-கள்ல கிளப்பிவிட்ட ‘மாஸ்டர் கிளென்ஸ்’தான். 2006-ல பாடகி பியான்ஸே ‘ட்ரீம்கேர்ள்ஸ்’ படத்துக்காக இதைக் குடிச்சு இளைச்சதா சொன்னதும் உலகம் பூரா பத்திக்கிச்சு. ஒரிஜினல்ல மேப்பிள் சிரப். ஹாஸ்டல்ல அதுக்கு எங்கே போறது?

ரெண்டே நாள்ல ரெண்டரை கிலோ காலி! ஒரே குஷி. மூணாவது நாள் மெஷின் ஷாப். லேத் ஓடிக்கிட்டிருக்கு, கண்ணு இருட்டுது. லேப் அண்ணன் மட்டும் என் காலரைப் பிடிச்சு இழுக்கலைன்னா, சுத்துற சக்குல மூஞ்சியைக் கொடுத்திருப்பேன். நடுவுல ஒரு ஜாண்தான் இருந்துச்சாம். அவர் வாங்கிக்கொடுத்த டீயும் பன்னும் போல எதுவும் இதுவரை ருசிச்சதில்ல.

அதுக்கப்புறம்தான் எனக்குள்ள இருந்த இன்ஜினீயர் முழிச்சார். நம்ம ரெண்டு கிட்னியும் ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டரை ஃபில்டர் பண்ணுது. தண்ணி கேன் கணக்குல ஒன்பது கேன்! அதுல கிட்டத்தட்ட எல்லாத்தையும் ரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துட்டு, ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே அனுப்புது. லிவர் தன் பங்குக்கு மாத்திரை, மதுன்னு எது வந்தாலும் உடைச்சுத் தள்ளுது. லீவே கிடையாது. இந்த பிளான்ட்டுக்கு என் லெமன் ஜூஸ் என்ன சர்வீஸ் பண்ணப்போகுது?

2009-ல பிரிட்டன்ல இளம் விஞ்ஞானிகள் சிலர் சேர்ந்து, டீடாக்ஸ்னு பேர் போட்டு விற்ற 15 பொருட்களோட கம்பெனிகளைக் கேட்டாங்க, ‘டீடாக்ஸ்னா என்ன?’ன்னு. ரெண்டு கம்பெனிகூட ஒரே பதிலைச் சொல்லலை. வைவாவுல நாம இப்படிப் பேசினா அரியர்தான்!

அப்போ அந்த ரெண்டரை கிலோ? பெரும்பாலும் தண்ணிங்க. லிவரும் தசையும் சர்க்கரையை கிளைகோஜனா சேர்த்து வைக்கும். ஒரு கிராம் கிளைகோஜன் கூடவே சுமார் மூணு கிராம் தண்ணியும் இருக்கும். பட்டினி கிடந்தா ஸ்டாக் தீரும், தண்ணியும் போயிடும். நாலு பரோட்டா உள்ளே போனதும் எல்லாம் ரிட்டர்ன்!

நல்லதே இல்லையான்னா, இருக்கு. அந்த மூணு நாளும் பப்ஸ் இல்ல, கோலா இல்ல, நடுராத்திரி ஃப்ரைட் ரைஸ் இல்ல. முதல் நாள் வயிறு லேசா இருந்தது நிஜம். அந்த கிரெடிட் ஜூஸுக்கு இல்ல, விட்ட பப்ஸுக்கு! எங்க பாட்டியும் ஏகாதசிக்குப் பட்டினி இருப்பாங்க. ஆனா ஒரே நாள்தான், மறுநாள் அகத்திக்கீரை, நெல்லிக்காய்னு சாப்பாடு. பத்து நாள் ஜூஸ்லயே ஓட்ட மாட்டாங்க.

‘ஜூஸ்தானே, என்ன பண்ணிடும்?’னு கேட்கிறவங்களுக்கு ஒரு கேரளச் சேதி. கொழுப்பு குறையும்னு இரும்பன் புளிச் சாறு குடிச்ச பத்து பேருக்கு கிட்னி ஃபெயிலியர்னு 2013-ல டாக்டர்கள் பதிவு பண்ணியிருக்காங்க. ஏழு பேருக்கு டயாலிசிஸ்! அந்தக் காய்ல ஏகப்பட்ட ஆக்சலேட் இருக்கு. அது கிட்னிக்குள்ள படிகமாப் போய் அடைச்சுக்கும். பச்சைக் கீரை ஸ்மூத்தி குடிச்சும் இப்படி ஆகியிருக்கு. சுகருக்கு மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவங்க திடீர்னு சாப்பாட்டை நிறுத்தினா, சுகர் சரிஞ்சு மயக்கத்துல விழுவாங்க. அவங்களை இழுக்கப் பக்கத்துல ஒரு லேப் அண்ணன் இருக்கணுமே!

ஃபேஷன் ஷோ என்னாச்சுன்னுதானே கேட்கிறீங்க? வேட்டி சட்டையில நடந்தேன். தொப்பையை வேட்டி பார்த்துக்கிச்சு. அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!