யார் சொன்னது, நமக்குக் கால்பந்து வராதென்று?

“கால்பந்தெல்லாம் வங்காளிக்கும் மலையாளிக்கும்தான் சார் வரும்” என்றார், காலை நடையில் ஒரு நண்பர். எனக்குச் சுருக்கென்றது.

குன்னூர் வழியாக ஊட்டி போகிறவர்கள் வெலிங்டனைத் தாண்டித்தான் போகிறோம். அங்குள்ள மதராஸ் ரெஜிமென்டல் சென்டரின் ராணுவ அணி 1955-இல் டூரண்ட் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் தோற்றது யார் தெரியுமா? நம் தாம்பரத்திலும் தளம் வைத்திருக்கும் இந்திய விமானப்படை! 3-2. 1958-இல் கூர்க்கா பிரிகேடை வீழ்த்தி மறுபடியும் கோப்பை. ஈஸ்ட் பெங்காலும் ஹைதராபாத் போலீஸும் கொடிகட்டிப் பறந்த காலம் அது.

அந்த அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். 1953-இல் ராணுவத்தில் சேர்ந்தபோது அவர் முன்வரிசை ஆட்டக்காரர். கோல் காக்கப் போனது பிறகுதான். 1956, 1960 ஒலிம்பிக் அணிகளில் இடம், 1962 ஆசிய விளையாட்டில் தங்கம்.

எல்லாம் பிறவியிலேயே வர வேண்டும் என்பவர்கள் இதை யோசிக்கட்டும். தனக்குப் பொருந்தும் இடம் எதுவென்று ஆடிப் பார்க்க அவருக்கு ஒரு மைதானம் இருந்தது. சேலையூரில் நம் பேரன்களுக்கு என்ன இருக்கிறது? காலி மனையெல்லாம் அடுக்குமாடி. மாலையானால் டியூஷன். ஆட இடத்தையும் நேரத்தையும் பிடுங்கிக்கொண்டு, பிள்ளைக்கு ஆட வரவில்லை என்பது என்ன நியாயம்?