தலைவன் ஒருவன் போதுமா?

ஜோன் சி. மக்ஸ்வெல் என்ற பெயரை அறியாத தமிழர்கள் பலர் இருக்கலாம். அவருடைய போதனையைக் கேளாதவர்கள் குறைவு. கொழும்பில் வங்கி ஊழியர்களுக்கு நடத்தப்படும் பயிற்சிப் பட்டறையாகட்டும், ரொறன்ரோவில் காப்புறுதி முகவர்கள் கூடும் கருத்தரங்காகட்டும், அங்கே பேசுபவர் ஏதோ ஒரு கட்டத்தில் இதைச் சொல்லியே தீருவார்: ஒரு நிறுவனத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும் அதன் தலைமைத்துவத்திலேயே தங்கியுள்ளன, தலைமைத்துவம் என்பது பிறர்மீது செலுத்தும் செல்வாக்கே. இவ்விரு கருத்துகளையும் உலகெங்கும் கொண்டு சென்றவர்களுள் முதன்மையானவர் இந்த அமெரிக்கப் போதகர். அவருடைய போதனை பாதி உண்மை என்பதும், அந்தப் பாதி உண்மை மறுபாதியை மறைத்துவிடுகின்றது என்பதுமே எனது வாதம்.

மக்ஸ்வெல் 1947இல் மிச்சிகன் மாநிலத்தின் கார்டன் சிற்றியில் பிறந்தவர். தந்தையாரும் போதகரே. ஒஹாயோவிலுள்ள சேர்க்கிள்வில் வேதாகமக் கல்லூரியில் 1969இல் பட்டம் பெற்று, இந்தியானா மாநிலத்தின் ஹில்ஹாம் என்னும் சிற்றூரில் தமது முதலாவது சபையை ஏற்றார். பின்னர் ஒஹாயோவின் லங்காஸ்டர் நகரில் பணியாற்றினார். 1981இல் கலிபோர்னியாவின் சன்டியாகோ பகுதியிலுள்ள ஸ்கைலைன் வெஸ்லியன் திருச்சபையின் மூத்த போதகராகி, 1995 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

அவரது இரண்டாவது வாழ்க்கை அந்தச் சபையில் இருந்தபோதே ஆரம்பமாகிவிட்டது. சபையை வளர்ப்பது எவ்வாறு என்று கேட்ட ஏனைய போதகர்களுக்காக 1985இல் இன்ஜோய் என்ற அமைப்பை நிறுவினார். மாதந்தோறும் ஒலிநாடாக்கள் சென்றன. திருச்சபைகள் கட்டட நிதி திரட்டுவதற்கு ஆலோசனை வழங்கும் பிரிவும் தோன்றியது. போதகர்களுக்காகச் சொல்லப்பட்டவற்றை நிறுவன முகாமையாளர்களும் நாடத் தொடங்கினர். 1996இல் இக்விப் என்ற தொண்டு அமைப்பும், 1998இல் 21 மறுக்கமுடியாத தலைமைத்துவ விதிகள் பற்றிய நூலும் வெளிவந்தன. அதே ஆண்டு டிசம்பரில் கடுமையான மாரடைப்புக்கு உள்ளாகியும் அவர் ஓயவில்லை. 2011இல், கட்டணம் பெற்றுப் பயிற்றுநர்களுக்குச் சான்றிதழ் வழங்கும் அமைப்பொன்றைத் தமது பெயரிலேயே ஆரம்பித்தார். எண்பதுக்கு மேற்பட்ட நூல்கள், கோடிக்கணக்கில் விற்பனை: கிராமத்துப் பிரசங்கியார் ஒருவருக்கு இது சாதாரணமான வாழ்க்கையன்று.

அவருடைய தனிப்பட்ட நேர்மையை நான் ஐயுறவில்லை. எளிய மொழியில் பேசுகின்றார். அதிகாரத்தை அலுவலக நாற்காலியிலிருந்து பெறமுடியாது, நம்பிக்கையால்தான் பெறவேண்டும் என்கிறார். மேலதிகாரியின் அதட்டலையே நிர்வாகம் என்று எண்ணியிருந்த பலருக்கு அது நல்ல பாடம். ஆனால் அவர் தமது அனுபவ அறிவுரைகளுக்கு ‘விதிகள்’ என்று பெயரிட்டார். ‘மறுக்கமுடியாதவை’ என்ற அடைமொழியையும் சேர்த்தார். மறுக்கமுடியாது என்று ஒருவர் சொல்லும்போது, உண்மையாகவே மறுக்கமுடியாதா என்று பார்ப்பது பத்திரிகையாளனின் தொழில்.

அந்நூலின் முதலாவது விதியை எடுத்துக்கொள்வோம். ஒருவரின் தலைமைத்துவ ஆற்றல் எவ்வளவோ, அவ்வளவு உயரத்துக்குத்தான் அவருடைய முயற்சி வளரும். அதற்கு மேல் மூடி போட்டதுபோல் நின்றுவிடும் என்பது அதன் சாரம். அவர் தரும் உதாரணம் மக்டொனால்ட்ஸ். ரிச்சர்ட், மொரிஸ் என்ற மக்டொனால்ட் சகோதரர்கள் கலிபோர்னியாவின் சன் பெர்னார்டினோவில் 1940இல் உணவகம் திறந்தவர்கள். 1948இல் சமையலறையைத் தொழிற்சாலைபோல் மாற்றியமைத்து, விரைவு உணவு முறையை உருவாக்கியவர்கள். ஆனால் அதை நாடெங்கும் பரப்ப அவர்களால் முடியவில்லை. பரப்பியவர் ரே க்ரொக். ஆகவே சகோதரர்களின் மூடி தாழ்ந்தது, க்ரொக்கின் மூடி உயர்ந்தது என்கிறார் மக்ஸ்வெல்.

கதை சுவையானது. ஆனால் க்ரொக்கின் வெற்றிக்குப் பின்னால் ஹரி சொன்னெபோர்ன் என்ற நிதியாளர் இருந்தார். 1956இலிருந்து, கடைக்கான காணியையும் கட்டடத்தையும் கம்பனியே தன் கையில் வைத்துக்கொண்டு, கிளை நடத்துபவருக்கு மேலதிக வாடகைக்கு விடும் ஏற்பாட்டை வகுத்தவர் அவரே. கம்பனி நிமிர்ந்தது அந்த வாடகைப் பணத்தால். 1961இல் 27 இலட்சம் டொலருக்குச் சகோதரர்களிடமிருந்து உரிமைகளை வாங்கிய க்ரொக், அவர்கள் தம்மிடம் வைத்துக்கொண்ட பழைய கடைக்கு அவர்களின் குடும்பப் பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை. அருகிலேயே ஒரு மக்டொனால்ட்ஸ் கிளையைத் திறந்தார். பழைய கடை மூடப்பட்டது. இங்கே இயங்கியவை காணி, கடன், ஒப்பந்தம், இரக்கமற்ற போட்டி ஆகியன. இவை யாவற்றையும் ‘தலைமைத்துவம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டால், வென்றவன் தலைவன், தோற்றவன் தலைமைத்துவம் குறைந்தவன் என்பதற்கு மேல் எதுவும் மிஞ்சாது. வென்ற பிறகு எழுதப்படும் விதி எப்படித்தான் பொய்க்கும்?

2003இல் மக்ஸ்வெல் வணிக ஒழுக்கம் பற்றியும் ஒரு நூல் எழுதினார். என்ரோன் நிறுவனம் 2001 டிசம்பரில் வங்குரோத்தாகி, அமெரிக்க வணிக உலகமே வெட்கித் தலைகுனிந்திருந்த காலம் அது. வணிகத்துக்கென்று தனியான ஒழுக்கம் கிடையாது. பிறர் உனக்கு எதைச் செய்யவேண்டும் என்று விரும்புகின்றாயோ அதையே நீ பிறருக்குச் செய் என்ற ஒரே நெறி போதும் என்பது அவரது முடிவு. உயர்ந்த நெறிதான். ஆனால் என்ரோனின் தலைவர் கென்னத் லே ஒரு பப்ரிஸ்ற் போதகரின் மகன். அந்த நெறியை அவர் சிறு வயதில் கேட்டிருக்கமாட்டார் என்று யாரும் சொல்லமுடியாது. கடன்களை மறைப்பதற்கான துணை நிறுவனங்கள் இருந்தன. கணக்காய்வு செய்த ஆர்தர் அன்டர்சன் நிறுவனம் அதே வாடிக்கையாளரிடம் ஆலோசனைக் கட்டணமும் பெற்றுவந்தது. வேலையோடு ஓய்வூதியச் சேமிப்பையும் இழந்தவர்கள் ஊழியர்கள். கணக்குகளின் ஆபத்தை 2001 ஓகஸ்ட்டில் எழுத்தில் எச்சரித்தவர் ஷெரன் வொட்கின்ஸ் என்ற அதிகாரி; அவர் தலைவருக்குக் கீழே இருந்தவர். 2002இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய சார்பேன்ஸ்–ஒக்ஸ்லி சட்டம் முகாமையாளரின் உள்ளத்தைத் திருத்த முயலவில்லை. கணக்குக்குக் கையொப்பமிட்டவரைப் பொறுப்பாக்கியது. அந்த இடைவெளியைத்தான் மக்ஸ்வெலின் நூல்கள் தாண்டிச் சென்றுவிடுகின்றன.

இதைவிடத் தெளிவான உதாரணம் குவாத்தமாலா. 2013 ஜூனில் மக்ஸ்வெலின் பயிற்றுநர்கள் அங்கு சென்று, ஆயிரக்கணக்கானோருக்கு விழுமியங்களும் தலைமைத்துவமும் போதித்தனர். மாற்றம் என்னிலிருந்து ஆரம்பமாகின்றது என்பது செய்தி. அப்போது அந்நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர் ஒட்டோ பெரஸ் மொலினா. இரண்டு ஆண்டுகளில், சுங்கத் திணைக்களத்தில் நடந்த பாரிய ஊழலின் முடிச்சு அவிழ்ந்தது. 2015 மே மாதம் துணை ஜனாதிபதி ரொக்ஸானா பல்டெற்றி பதவி விலகினார். செப்டெம்பரில் ஜனாதிபதியும் விலகிக் கைதானார். 2022இல் இருவருக்கும் 16 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அந்த ஊழலுக்கு மக்ஸ்வெல் பொறுப்பாளி அல்லர். அப்படிச் சொல்வது அநீதி. ஆனால் ஊழல் எவ்வாறு வெளிப்பட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவுடன் 2007இலிருந்து அங்கு இயங்கிய சர்வதேச ஆணைக்குழுவும், அரச வழக்குத்தொடுநர்களும் தொலைபேசி உரையாடல்களைப் பதிவுசெய்து ஆதாரம் திரட்டினர். சாதாரண மக்கள் சனிக்கிழமை தோறும் தலைநகரின் சதுக்கத்தில் கூடினர். ஒரு நாட்டை உலுக்கிய அந்த மாற்றத்தில் ‘தலைவர்’ என்று சுட்டிக்காட்டத்தக்க ஒருவர் இல்லை. ஆவணம் இருந்தது, சட்டம் இருந்தது, மக்கள் இருந்தனர். பின்வந்த ஜனாதிபதியின் காலத்தில், 2019இல், அந்த ஆணைக்குழு மூடப்பட்டது. தலைவர்கள் எதற்கு அஞ்சுகின்றார்கள் என்பதை அதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

திருச்சபைகளும் இதிலிருந்து தப்பவில்லை. போதகரை முகாமைப் பணிப்பாளராகவும் விசுவாசிகளை வளர்ச்சிப் புள்ளிவிபரமாகவும் காணும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. தலைமைத்துவ மாநாடுகளுக்குப் பேர்போன, சிக்காகோவுக்கு அருகிலுள்ள வில்லோ கிரீக் திருச்சபையின் நிறுவுநர் பில் ஹைபெல்ஸ், பெண்கள் முன்வைத்த முறைகேட்டுக் குற்றச்சாட்டுகளின் மத்தியில் 2018 ஏப்ரிலில் விலகினார். அவர் குற்றச்சாட்டுகளை மறுத்தார். முறையிட்டவர்களை ஆரம்பத்தில் நம்பாத மூப்பர் சபை முழுவதும் அதே ஆண்டு ஓகஸ்ட்டில் பதவி துறந்தது. அவற்றை ஆராய்ந்த சுயாதீனக் குழு, அவை நம்பத்தக்கவை என்று 2019இல் கூறியது. தலைவரின் செல்வாக்கே சபையின் உயிர் என்று எல்லோரும் நம்பிய இடத்தில், அந்தச் செல்வாக்கைக் கேள்வி கேட்பவர் சபையின் எதிரியாகத் தோன்றுவது இயல்பே.

மக்ஸ்வெல் கையிலேந்தும் வேதாகமமே அவருடைய போதனைக்கு நல்ல மறுப்பு. தங்களுக்கு ஓர் அரசன் வேண்டுமென்று இஸ்ரவேலர் கேட்டபோது, அவன் உங்கள் பிள்ளைகளையும் வயல்களையும் எடுத்துக்கொள்வான் என்று சாமுவேல் எச்சரித்தார். தாவீது அரசன் தவறிழைத்தபோது, நாத்தான் தீர்க்கதரிசி அரண்மனைக்கே சென்று அவனது குற்றத்தை அவன் முகத்துக்கு நேரே கூறினார். நாத்தானுக்குப் பதவியும் இல்லை, படையும் இல்லை. அந்த மரபில் வந்த ஒரு போதகர், தாவீதாவது எப்படி என்று நூல் நூலாக எழுதியதோடு, நாத்தானுக்கு இடம் வைக்கும் அமைப்பை உருவாக்குவது எப்படி என்றும் எழுதியிருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது பிழையா?

ஆனால் அதற்குச் சந்தை இல்லை. பயிற்சிப் பட்டறைக்குப் பணம் செலுத்துபவர் நிறுவனத்தின் தலைவர். உங்கள் நிறுவனம் உங்களாலேயே வாழ்கின்றது என்ற செய்தி அவருடைய காதுக்கு இனிமையானது. உங்கள் கணக்கை யார் பார்க்கின்றார்கள், உங்களை எதிர்த்துப் பேசியவர் இன்னும் வேலையில் இருக்கின்றாரா என்ற கேள்விகள் இனிமையானவையல்ல. அவருக்குக் கீழுள்ள ஊழியருக்குச் சொல்லப்படுவது வேறு: உனக்குள்ளும் ஒரு தலைவன் இருக்கின்றான், அவனை வளர்த்துக்கொள். சம்பளம் போதவில்லை, வேலைநேரம் நீள்கின்றது என்ற முறைப்பாடு இவ்விதமாக மனப்பான்மைக் குறைபாடாக மாறிவிடுகின்றது.

தமிழர்களாகிய நாம் இந்தப் போதனையை இலகுவில் ஏற்றுக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அரசன் எவ்வழி, குடிகள் அவ்வழி என்று நாமும் சொல்லிப் பழகியவர்கள். நமது பத்திரிகைகளின் தலைப்புச் செய்திகளும் தலைவர்களின் பெயர்களோடுதான் ஆரம்பமாகின்றன. ஆனால் கண்டித்துச் சொல்ல ஆளில்லாத அரசன் பகைவர் எவரும் இல்லாமலே கெட்டொழிவான் என்று வள்ளுவர் கூறியதும் நமது மொழியிலேதான். ஆகவே அடுத்த முறை ஒரு பட்டறையில் தலைமைத்துவ விதிகள் திரையில் காட்டப்படும்போது, வாசகர்கள் எழுந்து ஒரு கேள்வி கேட்கவேண்டும்: இந்தத் தலைவர் தவறிழைத்தால், அதைச் சொல்பவர் யார்? சொன்னவருக்கு அதன் பிறகு என்ன நடக்கும்? இந்த இரண்டுக்கும் விடை தராத விதி எத்தனை கோடிப் பிரதிகள் விற்றாலும் அது விதியாகாது.