கம்யூனிட்டி காலேஜ் என்று சொல்ல ஏன் தயக்கம்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடிக்க இப்போது யாரும் இல்லை, அதனால் பாடம் நீண்டுவிடுகிறது.

உங்களில் கலிபோர்னியாவில் இருக்கும் பலருடைய பிள்ளைகள் பள்ளியை முடிக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். எங்கே சேர்ந்திருக்கிறான் என்று போனில் விசாரிக்கிறேன். பெர்க்லி என்றால் நான் கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிடுகிறது. கம்யூனிட்டி காலேஜ் என்றால், "இப்போதைக்கு வீட்டுக்குப் பக்கத்துல ஒரு காலேஜ்..." என்று குரல் இறங்குகிறது. உறவில் ஒரு பெண், "ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அத்தை" என்றே கேட்டுக்கொண்டாள். (பெயர் சொல்ல மாட்டேன் அம்மா, பயப்படாதே.)

எதற்கு இந்த ஒளிவுமறைவு என்று எனக்குப் புரியவில்லை. அமெரிக்காவின் மிகப் பழைய அரசு கம்யூனிட்டி காலேஜ், இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901-ல் ஆறே மாணவர்களோடு தொடங்கியது. இன்று நாடு முழுக்க சுமார் ஆயிரம் இருக்கின்றன. கட்-ஆஃப் கிடையாது, யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். ஜில் பைடன் அம்மையார், கணவர் அதிபராக இருந்த காலத்திலும், வடக்கு வர்ஜீனியா கம்யூனிட்டி காலேஜில் ஆங்கில வகுப்பு எடுத்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு வராத கூச்சம் நமக்கு ஏன்?

மூன்று படிப்புகளை வைத்து என் கருத்தைச் சொல்கிறேன்.

முதலில் பொருளாதாரம். கலிபோர்னியாவில் குடியிருப்பு உரிமை உள்ள மாணவருக்கு கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். மூன்று யூனிட் கொண்ட அடிப்படைப் பொருளாதாரப் பாடம் ஒன்றுக்கு 138 டாலர் ஆகிறது. புத்தகம், சில்லறைக் கட்டணங்கள் தனி. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆண்டுக் கட்டணம் 14,000 டாலருக்கும் மேல். தேவையும் அளிப்பும், பணவீக்கம், வட்டி விகிதம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பெரிய பல்கலைக்கழகத்தில் முதலாண்டுப் பாடத்தை நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கும் அரங்கில் கேட்க வேண்டும். இங்கே ஆசிரியருக்குப் பிள்ளையின் முகம் தெரியும். முகம் தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைக் கேளுங்கள்.

இரண்டு ஆண்டு படித்துவிட்டு மூன்றாம் ஆண்டுக்குப் பல்கலைக்கழகம் மாறலாம். எந்தப் பாடத்தை எங்கே ஏற்றுக்கொள்வார்கள் என்று பார்க்க 'அசிஸ்ட்' என்ற இணையதளம் இருக்கிறது. டேவிஸ், இர்வைன், சாண்டா பார்பரா உட்பட ஆறு வளாகங்கள், கேட்ட பாடங்களைக் கேட்ட மதிப்பெண்ணோடு முடித்தால் இடம் உறுதி என்று முன்கூட்டியே ஒப்பந்தமே போடுகின்றன. பெர்க்லி அந்த ஆறில் இல்லை, ஆனாலும் அங்கேயும் ஆண்டுதோறும் நிறைய பேர் இந்த வழியாகப் போகிறார்கள். கடைசியில் கைக்கு வரும் பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும்.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். மாறிப் போகலாம் என்று நினைத்துச் சேர்ந்து, போகாமலே நின்றுவிடுகிறவர்கள் அங்கே மிக அதிகம். ஏற்றுக்கொள்ளாத பாடமாகப் பார்த்து எடுத்துவிடுவது, வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு பருவத்தை விட்டுவிடுவது, இப்படி. முதல் பருவத்திலேயே கவுன்சிலரைப் பார்த்து இரண்டு ஆண்டுக்கும் அட்டவணை போடச் சொல்லுங்கள். பிள்ளையைத் தள்ளிக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும். பெர்க்லிக்குப் போகிற பிள்ளையை விட இந்தப் பிள்ளைக்குத்தான் அப்பா அம்மாவின் கவனம் அதிகம் வேண்டும். நீங்களோ வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள்.

அடுத்தது என் தொழில். எச்-4 விசாவில் போன என் மாணவிகள் எத்தனை பேர், நன்றாகப் படித்துவிட்டு வருடக்கணக்காக வீட்டில் இருக்கிறீர்கள்! அந்த விசாவில் படிக்கத் தடையில்லை. வேலை செய்யத்தான் தனி அனுமதி வேண்டும். அதுவும் 2015 முதல், கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் கிடைக்கிறது. அனுமதி வரும் வரை சும்மா காத்திருப்பதை விட, குழந்தை வளர்ச்சிப் பாடங்களில் 12 யூனிட் முடித்து வைத்துக்கொள்ளலாம். கலிபோர்னியாவில் தனியார் மழலையர் பள்ளியில் ஆசிரியராக அதோடு ஆறு மாத வேலை அனுபவமும் வேண்டும். கூபர்டினோ பக்கம் இருப்பவர்களுக்கு டி ஆன்சா காலேஜ் இருக்கிறது, அதன் வளாகத்திலேயே குழந்தைகள் மையமும் உண்டு. குழந்தை விளையாடுவதைப் பார்த்துக் குறிப்பு எழுதுவதில்தான் பாடம் தொடங்கும். நானும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இரண்டு ஆண்டு இப்படித்தான் கற்றேன். மின்னட்டை வெட்டி, பாடக்குறிப்பு எழுதி, மூன்றாம் வகுப்புக்கு முன்னால் நின்று. பட்டப்படிப்பு இல்லை, பட்டயம்தான். அதை வைத்துத்தான் உங்களுக்கு வகுத்தல் கணக்கு வந்தது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, அவசர சிகிச்சை. 1960-களில் அமெரிக்காவின் பல ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்கள் யார் தெரியுமா? இறுதிச் சடங்கு நடத்தும் கடைக்காரர்கள். படுக்க வைக்க இடமுள்ள வண்டி அவர்களிடம்தான் இருந்தது. விபத்தில் அடிபட்டவர்கள் சரியான முதலுதவி இல்லாமல் சாகிறார்கள் என்று 1966-ல் தேசிய அறிவியல் அகாடமி ஓர் அறிக்கை வெளியிட்டது. அடுத்த ஆண்டு பிட்ஸ்பர்க்கில் 'ஃபிரீடம் ஹவுஸ்' என்ற ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கினார்கள். ஹில் பகுதியில் வேலையில்லாமல் இருந்த கறுப்பின இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, டாக்டர் பீட்டர் சாஃபார் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தார். அவர்களில் பலர் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள், எதற்கும் லாயக்கில்லை என்று ஊர் ஒதுக்கியவர்கள். மூச்சு நின்றவர்களை அவர்கள் மீட்டார்கள். பின்னால் வந்த டாக்டர் நான்சி கரோலைன் அவர்களோடு வேலை செய்த அனுபவத்தைக் கொண்டு, நாடு முழுமைக்குமான பாடத்திட்டத்தையே எழுதினார். 1975-ல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கி அவர்களை ஓரங்கட்டிவிட்டது. அது வேறு கதை, வயிறு எரிகிற கதை.

இன்று அந்தப் பயிற்சியைப் பெரும்பாலும் கம்யூனிட்டி காலேஜ்கள்தான் தருகின்றன. லாஸ் ஆல்டோஸ் பக்கத்து ஃபுட்ஹில் காலேஜிலும் உண்டு. கலிபோர்னியாவில் இ.எம்.டி. படிப்புக்குக் குறைந்தது 170 மணி நேரம் வேண்டும். சி.பி.ஆர்., ரத்தப்போக்கை நிறுத்துவது, மூச்சுவழியைத் திறப்பது, பிரசவம் பார்ப்பது எல்லாம் இதில் அடக்கம். குறைந்தது 10 நோயாளிகளை நேரில் கவனித்திருக்க வேண்டும். அப்புறம் தேசியத் தேர்வு.

மகள் டாக்டராக வேண்டும் என்று கனவு காணும் அப்பா அம்மாக்களுக்குச் சொல்கிறேன், 18 வயதில் அவளை இதில் சேருங்கள். முன்பின் தெரியாத ஒருவரின் வாந்தியைத் துடைக்க மனம் வருகிறதா என்பது சில மாதத்தில் தெரிந்துவிடும். பல லட்சம் டாலர் கடன் வாங்கி 25 வயதில் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

சம்பளத்தைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். ஆம்புலன்ஸில் இருப்பவருக்கும் மழலையர் பள்ளி ஆசிரியருக்கும் அந்தப் பணக்கார நாட்டில் கொடுப்பது குறைவுதான். கலிபோர்னியா வாடகைக்கு அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. அதற்கு வெட்கப்பட வேண்டியது அந்த நாட்டு அரசாங்கம். படிக்கிற பிள்ளை இல்லை.

உங்களில் யாராவது, அல்லது உங்கள் பிள்ளைகள், இ.எம்.டி.யாக வேலை பார்த்திருந்தால் ஷிப்ட் எப்படி, கையில் எவ்வளவு வந்தது என்று கீழே எழுதுங்கள். சேரலாமா என்று இரண்டு வீடுகளில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பதிவைத்தான் அனுப்பப் போகிறேன்.