பழி யார் மீது?

வீட்டிலேயே பாகங்களைப் பூட்டி விளையாட்டுக் கணினி அமைப்பவருக்கு ஒரு சாபம் உண்டு. அது திடீர் திடீரென நின்றுபோனால் முதற் குற்றவாளி அவரே. பூட்டியது பிழை என்று சொல்லிக் கடைக்காரர் கையை உதறிவிடுவார்.

இன்ரெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறைச் செயலிகளின் கதை எனக்கு இதனாலேயே முக்கியமாகப் படுகிறது. விளையாட்டைத் தொடங்கினால், வீடியோ நினைவகம் போதாது என்று திரை சொல்லும். நம்பியவர்கள் வரைகலை அட்டையைச் சந்தேகித்தார்கள். உண்மையில், சுருக்கி வைத்த தரவுகளை விரிக்கும்போது செயலியே பிழைவிட்டது. (சம்பவ இடத்தில் நிற்பவரெல்லாம் குற்றவாளியல்லர் என்பது பத்திரிகைக்காரனுக்குப் பழகிய பாடம்.) 2024 ஏப்ரலில் என்விடியா, இன்ரெலிடம் கேட்கும்படி கைகாட்டியது. செயலிகள் தவறாக அதிக மின்னழுத்தம் கோருவதை இன்ரெல் சொன்னது ஜூலையில். திருத்தம் வந்தது ஓகஸ்டில். ஏற்கெனவே பழுதடைந்த செயலியை அது மீட்காது. உத்தரவாதத்தை 2 ஆண்டுகள் நீட்டினார்கள், நல்லதுதான். ஆனால் 13ஆம் தலைமுறை சந்தைக்கு வந்தது 2022 அக்டோபரில்! இடைப்பட்ட காலத்தில் வீணாகப் பணம் செலவழித்தவருக்கு என்ன பதில்?

ஆகவே, அன்பர்களே, கடைக்காரர் சொன்னவுடன் தலைகுனியாதீர்கள். நினைவகத்தை மெம்டெஸ்ட்86 கொண்டு ஓர் இரவு முழுவதும் சோதியுங்கள். தாய்ப்பலகையின் பயோஸைப் புதுப்பியுங்கள். ஒரு தடவையில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். பற்றுச்சீட்டை எறிந்துவிடாதீர்கள்: பாதிக்கப்பட்ட வகைச் செயலியைப் பெட்டியோடு 2023இல் வாங்கியவர் 2028 வரை மாற்றீடு கோரலாம்.