வரியை ஏத்துனது ஒன்றிய அரசு, தவணையைக் கட்டுறது நாமளா?



வீட்டுக்கடன் வாங்கியவர்கள் 2022 மே மாதத்தை மறந்திருக்க மாட்டார்கள். மே 4 அன்று ரிசர்வ் வங்கி திடீரென ரெப்போ வட்டியை உயர்த்தியது. 4 சதவீதமாக இருந்த வட்டி, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதம் ஆனது. 20 வருசத்துக்கு 25 லட்சம் கடன் வாங்கியவருக்கு, வட்டி 7-லிருந்து 9.5 சதவீதமானால் மாதத் தவணை சுமார் 19,400 ரூபாயிலிருந்து 23,300 ரூபாயாகும். சம்பளம் அப்படி ஏறுச்சா?

விலைவாசியைக் கட்டுப்படுத்தத்தான் இந்த உயர்வு என்றார்கள். சரி, விலைவாசி ஏன் ஏறியது? உக்ரைன் போரும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் 2020-ல் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது, ஒன்றிய அரசு கலால் வரியை பெட்ரோலுக்கு 13 ரூபாயும் டீசலுக்கு 16 ரூபாயும் ஏற்றியது. டீசல் விலை ஏறினால் லாரி வாடகை ஏறும், கோயம்பேட்டில் காய்கறி விலையும் ஏறும். 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் அதே 13-ஐயும் 16-ஐயும் இரண்டு கட்டமாகக் குறைத்தார்கள். ஆனால் 2022 ஏப்ரலிலேயே பணவீக்கம் 7.79 சதவீதத்தைத் தொட்டுவிட்டது.

ரிசர்வ் வங்கி சுதந்திரமாக இயங்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தே இல்லை. தேர்தலுக்காக வட்டியைக் குறைக்கச் சொல்லி எந்த அரசும் மிரட்டக் கூடாது, நாளைக்கு நம்ம அரசே வந்தாலும் சரி. ஆனா வட்டியை ஏத்துனா டீசல் மேல இருக்குற வரி குறையாது. அது அரசு கையில இருக்கு. ஒருத்தர் தண்ணி ஊத்த, இன்னொருத்தர் விறகு போட்டா நெருப்பு எப்படி அணையும்?

பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 6 சதவீதத்தைத் தாண்டினால், காரணம் என்ன, தீர்வு என்ன, எப்போது குறையும் என்று ரிசர்வ் வங்கி அரசுக்கு அறிக்கை தர வேண்டும். இது சட்டம். 2022-ல் அந்த நிலை வந்தது. நவம்பர் 3 அன்று நாணயக் கொள்கைக் குழு கூடியது, அறிக்கையும் அரசுக்குப் போனது. மக்களுக்கு மட்டும் காட்டவில்லை. கேட்டால், வெளியிடச் சட்டத்தில் இடமில்லை என்று நாடாளுமன்றத்தில் பதில் சொன்னார்கள்.

இடமில்லைன்னா சட்டத்தை மாத்துங்க!

அந்த அறிக்கையை வெளியிடுங்கள். இனி இப்படி வரும் ஒவ்வொரு அறிக்கையும், அதற்கு அரசின் பதிலும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். வங்கி என்ன செய்யும், வரியில் அரசு என்ன செய்யும் என்று இருவரும் மக்கள் முன்னால் சொல்லட்டும். தவணை கட்டுற நமக்குக் கணக்குக் கேட்க உரிமை இருக்கு.

#அறிக்கையை_வெளியிடு